தாயும் சேயும் தடுக்கப்பட்ட துறைமுகம்

நாடுவிட்டு நாடு செல்லப் புறப்படும் குடும்பத்தின் கையிலே இன்று ஒரு கட்டுத் தாள் இருக்கிறது. தந்தைக்கு ஒரு கடவுச்சீட்டு, தாய்க்கு ஒன்று, பால்மணம் மாறாத பச்சிளங் குழந்தைக்கும் ஒன்று! அதன்மேல் நுழைவு அனுமதி. அந்த அனுமதிக்குத் துணையாகப் பிறப்புச் சான்று. தாய் மட்டுமோ தந்தை மட்டுமோ பிள்ளையை அழைத்துச் சென்றால், மற்றவரின் இசைவுக் கடிதம் வேறு. "பெற்றவள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முத்திரையும் கையொப்பமும் எதற்கு?" என்று சலித்துக்கொள்வோர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குரிய விடையை அலுவலகத்தின் சன்னலண்டை நின்று பெற முடியாது. வரலாற்றின் ஏடுகளைப் புரட்டித்தான் பெறவேண்டும்.

உலகத்துத் துறைமுகங்கள் அனைத்தையும் சுற்றிவர இங்கே இடமில்லை. ஒரே ஒரு நாட்டின் வாயிலில் நின்று பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் வாயில் அது. தமிழனைக் கப்பல் கப்பலாக இறக்கிக்கொண்ட வாயில்; பின்னர் அவன் மனைவியையும் மகவையும் மறித்து நின்ற வாயில். ஒரு குடும்பம் எல்லையைக் கடப்பதற்கு என்னென்ன கேள்விகள் கேட்கப்பட்டன, எதற்காகக் கேட்கப்பட்டன என்பதை அறிய அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

1860ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நேட்டால் நாட்டின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். கரும்புத் தோட்டத்திற்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். அன்று தொடங்கி 1911 வரையில் ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சென்றவர்கள். தோட்ட முதலாளிக்கு வேண்டியது கை. வெட்டும் கை, சுமக்கும் கை. குழந்தையை ஏந்திய கை அவனுக்குச் சுமை. ஆகவே, 100 ஆண்களுக்கு 40 பெண்கள் வீதம் ஏற்றிச் செல்லவேண்டும் என்று விதி வகுத்துத்தான் பெண்களையும் கப்பலேற்ற வேண்டியிருந்தது. குடும்பம் என்பது அங்கே மனித உறவாகப் பார்க்கப்படவில்லை. விழுக்காட்டுக் கணக்காகப் பார்க்கப்பட்டது.

ஒப்பந்தக் காலமான ஐந்தாண்டு முடிந்தது. உழைத்தவன் அங்கேயே உழவனாக, வண்டிக்காரனாக, சிறு வணிகனாகத் தலைநிமிர்ந்து வாழ முற்பட்டான். வெள்ளையர்க்குப் பொறுக்குமா? 1895இல் சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தவன் மீண்டும் அடிமைச்சீட்டில் கைநாட்டு வைக்கவேண்டும். இல்லையேல் கப்பலேறித் தாயகம் திரும்பவேண்டும். இரண்டும் மாட்டேன் என்றால் ஆண்டுதோறும் மூன்று பவுன் தலைவரி கட்டவேண்டும். 1903இல் அந்த வரி பிள்ளைகளின் தலையிலும் விழுந்தது. 16 வயது நிரம்பிய மகனுக்கு மூன்று பவுன். 13 வயது நிரம்பிய மகளுக்கு மூன்று பவுன்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒப்பந்தக் கூலியின் முதலாண்டுச் சம்பளம் மாதத்திற்கு 10 ஷில்லிங்; ஆண்டுக்கு ஆறு பவுன். தாய், தந்தை, வளர்ந்த மகன், வளர்ந்த மகள் என நால்வர் கொண்ட குடும்பத்திற்கு வரி 12 பவுன். அந்தச் சம்பளத்தைப் போல இரு மடங்கு! மகள் பருவமெய்தும் வயதைக் கண்டு பெற்றோர் அஞ்சியது சீர்வரிசைக்காக மட்டுமன்று, வரிக்காரனுக்காகவும்தான்.

உள்ளே இருந்தவனுக்கு வரி. வெளியே இருந்து வருபவனுக்குத் தடை. 1897இல் நேட்டால் அரசு குடிவரவுத் தடைச் சட்டம் செய்தது. ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவன் கரையிறங்கக் கூடாது என்றது அச் சட்டம். நிறம் என்ற சொல்லே அதில் இல்லை. நிறவெறிக்குக் கல்வித் தேர்வு என்று பெயர் சூட்டிய சூழ்ச்சி அது. நுழையத் தகுதி பெற்றவனின் மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் மட்டும் விலக்கு இருந்தது. அந்த விலக்கே அடுத்த போராட்டத்தின் விளைநிலம் ஆயிற்று. "இவள் உன் மனைவி என்பதற்கு என்ன சான்று? இவன் உன் மகன் என்பதற்கு எது அத்தாட்சி? வயது பதினாறுக்கு உட்பட்டதுதானா?" என்று அதிகாரி கேட்கத் தொடங்கினான். பிறப்பைப் பதிவு செய்யும் பழக்கமே வேரூன்றாத ஊர்களிலிருந்து சென்றவர்கள் அவர்கள். பஞ்சம் வந்த ஆண்டையும் வெள்ளம் வந்த ஆண்டையும் வைத்து வயது சொல்லும் பாட்டியின் வாய்மொழியை எந்தத் துறைமுக அதிகாரி ஏற்பான்?

டிரான்சுவாலின் கதை இன்னும் கொடியது. அங்கே 1906இல் பதினொரு வயதுகூட நிரம்பாத இந்தியச் சிறுவன் ஒருவன் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அனுமதிச் சீட்டுக் குற்றம் சாட்டப்பட்டு, 50 பவுன் அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை என்று தண்டிக்கப்பட்டான். உயர்ந்த நீதிமன்றம் தலையிட்டே அந்தத் தண்டனை நீங்கிற்று. அதே ஆண்டில், கணவனோடு இரயிலில் வந்த மனைவி ஒருத்தி, தனக்கெனத் தனிச்சீட்டு இல்லை என்று இறக்கப்பட்டாள். ஏழு மணி நேரத்திற்குள் நாட்டைவிட்டு வெளியேறு என்று ஆணையிடப்பட்டாள். 1907இல் வந்த ஆசியர் பதிவுச் சட்டமோ பெரியவர்களின் விரல் ரேகையோடு நிற்கவில்லை. எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளின் விவரங்களையும் பெற்றோர் பதிவு செய்தே தீரவேண்டும் என்றது. குற்றவாளிக்குரிய பதிவேட்டில் குழந்தையின் பெயர்! 1908 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் நகரத்து அமீதியா பள்ளிவாசல் திடலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் பெரும் கொப்பரையில் இட்டுக் கொளுத்தப்பட்டன என்றால், அந்த நெருப்பு ஏன் மூண்டது என்பது விளங்காமற் போகாது.

1913 மார்ச்சுத் திங்களில் பேரிடி விழுந்தது. கேப் மாகாணத்தில் வாழ்ந்த இந்தியர் ஒருவர் தம் மனைவி மரியத்தைத் தாயகத்திலிருந்து அழைத்துவந்தார். இசுலாமிய முறைப்படி நடந்த திருமணம். கரையிறங்க அனுமதி மறுக்கப்பட்டது. வழக்கு கேப் உயர்நீதிமன்றம் சென்றது. நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார்: ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் திருமணமாக ஏற்காது, ஆகவே, மனைவி என்ற உரிமையில் இவர் நுழைய முடியாது!

இங்கே நாம் நின்று நிதானமாகச் சிந்திக்கவேண்டும். ஒருவனுக்குப் பல மனைவியர் என்பதைப் பகுத்தறிவாளர் யாரும் ஆதரிக்கமாட்டார். அது பெண்ணினத்திற்கு இழைக்கப்பட்ட இழிவு. ஆனால் அந்த நீதிமன்றம் பல மனைவியர் கொண்டவனையா தண்டித்தது? இல்லை. ஒருத்தியோடு மட்டும் இல்லறம் நடத்தியவனின் திருமணத்தையும், அவன் மதம் வேறொன்றை அனுமதிக்கிறது என்ற காரணத்தால், இல்லாததாக்கிற்று. மனிதனின் வாழ்க்கையைப் பார்க்க மறுத்து, அவன் மதத்தின் ஏட்டைப் பார்த்தது. அந்த ஒரு வரியால் இந்து, இசுலாமிய, பார்சித் திருமணங்கள் யாவும் ஐயத்திற்கு உள்ளாயின. முப்பதாண்டு இல்லறம் நடத்திய மூதாட்டியும் சட்டத்தின் கண்ணில் மனைவியல்லள்; அவள் பெற்ற மக்கள் வாரிசுகளல்லர். அதே ஆண்டு வந்த குடிவரவுச் சட்டமும் ஒருமனைவித் திருமணம் என்பதையே நுழைவுக்கு நிபந்தனையாக்கிற்று.

இழிவு செய்யப்பட்டவள் பெண். எனவே, எழுந்தவளும் பெண்ணே! 1913 செப்டம்பரில் கஸ்தூரிபாய் உள்ளிட்ட பதினாறு பேர் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து புறப்பட்டு, சீட்டின்றி டிரான்சுவால் எல்லையைக் கடந்து சிறை புகுந்தனர். டிரான்சுவாலிலிருந்து பதினொரு பெண்கள் எதிர்த்திசையில் எல்லை கடந்தனர். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். பலர் இடுப்பில் குழந்தைகளோடு சென்றவர்கள். அவர்கள் நேட்டாலின் நியூகாசில் நகருக்குச் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் மூன்று பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்தனர். சுரங்கங்கள் ஓய்ந்தன. எந்தச் சட்டமன்றத்திலும் இடம்பெறாத பெண்கள், எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் பெறாத பெண்கள், ஆயிரக்கணக்கான தொழிலாளரைத் தட்டி எழுப்பினர்.

அவர்களின் பெயர்ப் பட்டியலை வரலாற்று நூல்களில் பார்க்கிறோம். திருமதி தம்பி நாயுடு, திருமதி முருகேச பிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு... சிறைக்குச் சென்றவர்கள் அவர்கள். ஏட்டில் நின்றதோ அவர்தம் கணவன்மாரின் பெயர்! "நீ இன்னாருடைய மனைவி என்பதை மெய்ப்பி" என்று துறைமுகத்தில் கேட்டவனும், "இன்னாருடைய மனைவி" என்றே பட்டியல் எழுதிய நம்மவரும், பெண்ணுக்குத் தனிப்பெயர் உண்டு என்பதை ஒருசேர மறந்தனர்.

1913 நவம்பர் 6ஆம் நாள் சார்லஸ்டவுனிலிருந்து பெரும்பயணம் புறப்பட்டது. 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று அதை நடத்திய காந்தியார் கணக்குத் தருகிறார். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை கடந்த அந்த 57 சிறுவர் சிறுமியரை நினைத்துப் பாருங்கள்! போராட்ட வழியிலே இரண்டு கைக்குழந்தைகள் மாண்டன. ஒன்று வெட்டவெளியில் வாடி மடிந்தது. மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையினின்று நழுவி நீரில் வீழ்ந்தது. அந்தக் குழந்தைகளின் பெயர் நமக்குத் தெரியாது. தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் தெரியும். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, தாயோடு சிறை சென்று, காய்ச்சலோடு வெளியேறி, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர்நீத்த பதினாறு வயது மலர். வள்ளியம்மைக்குச் சிலை வைக்கிறோம்; மாலை இடுகிறோம். ஒரு பெண்ணின் இல்லறம் செல்லுமா, ஒரு பிள்ளை தன் தந்தையிடம் போய்ச் சேர முடியுமா, ஓர் ஏழைக் குடும்பம் தலைவரியின்றி வாழ முடியுமா என்ற கேள்விகளுக்காக அவள் சிறை புகுந்தாள் என்பதை மாணவர்க்குச் சொல்கிறோமா?

1914இல் இந்தியர் துயர்நீக்கச் சட்டம் நிறைவேறிற்று. மூன்று பவுன் வரி ஒழிந்தது. ஒரு மனைவியோடு நடந்த திருமணம், எந்த மதத்தின் முறையில் நடந்திருப்பினும், ஏற்கப்பட்டது. வெற்றிதான். ஆனால் முழு வெற்றியா? 1918இல் இலண்டனில் கூடிய பேரரசு மாநாடு, குடியேறிய நாட்டில் நிலையாக வாழும் இந்தியர் தம் மனைவியையும் வயது வராத மக்களையும் அழைத்துக்கொள்ளலாம் என்றது. நிபந்தனை இரண்டு. ஒருவனுக்கு ஒரு மனைவியும் அவள் மக்களும் மட்டுமே. அவர்கள் ஒவ்வொருவரும் சட்டப்படியான மனைவி, மக்கள் என்று இந்திய அரசு சான்று தரவேண்டும். 1927ஆம் ஆண்டுக் கேப் டவுன் ஒப்பந்தமும் இந்த அடிப்படையையே ஏற்றது. இன்று குடும்பமாகச் செல்வோர் சுமக்கும் திருமணச் சான்றுக்கும் பிறப்புச் சான்றுக்கும் பாட்டன் முப்பாட்டன் இந்தத் தாள்கள்தாம்.

அந்த நிபந்தனைகளை மீண்டும் ஒருமுறை படித்தால் ஓர் உண்மை புலப்படும். கணவன் மனைவியை அழைக்கலாம். மனைவி கணவனை அழைப்பதைப்பற்றி அதில் பேச்சே இல்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த பெண் தாயகத்து ஆண்மகனை மணந்தால், அவள்தான் மூட்டை கட்டவேண்டும்! ஆண் வேர் விட்டவன். பெண் பதியம் போடப்படுபவள். வெள்ளை அரசும் நம் பழைய சமுதாயமும் எல்லாவற்றிலும் மாறுபட்டன, இந்த ஒன்றில் கைகுலுக்கிக் கொண்டன.

அந்தக் குறுகிய வாயிலும் நெடுநாள் திறந்திருக்கவில்லை. நிறஒதுக்கல் ஆட்சி வந்தது. 1953இல் குடிவரவுத் திருத்தச் சட்டம் செய்து, வெளிநாட்டில் மணந்த இந்திய மனைவியரும் அவர்தம் மக்களும் நுழைவதை அந்த ஆட்சி அறவே நிறுத்திற்று. நாற்பதாண்டுக்கு முன் சியர்ல் தீர்ப்பு செய்ததை இப்போது நாடாளுமன்றமே செய்தது. இந்தியாவோ 1946இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்து, ஐக்கிய நாடுகள் அவைக்கு வழக்கைக் கொண்டுசென்றிருந்தது. இந்தியக் கடவுச்சீட்டுகளில் தென்னாப்பிரிக்கா நீங்கலாக என்று முத்திரையிட்ட காலமும் இருந்தது. 1993இல்தான் இரு நாடுகளின் தூதுறவு மீண்டது. 1994இல் நிறஒதுக்கல் ஆட்சி வீழ்ந்தது.

கடல் கடந்த கொடுமையைப் பேசும்போது நம் வீட்டுத் திண்ணையையும் பார்த்துக்கொள்ளவேண்டும். புரோகிதன் இல்லை, தீ வலம் இல்லை என்ற காரணம் காட்டிச் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லையா? கேப் நகரத்தில் மதத்தின் முறையைக் காட்டித் திருமணம் மறுக்கப்பட்டது. சென்னையில் மதத்தின் முறை இல்லை என்று காட்டித் திருமணம் மறுக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் பழி விழுந்தது தாயின் மீதும் சேயின் மீதும்தான். 1967இல் அறிஞர் அண்ணாவின் அரசு செய்த சட்டத்திருத்தம், இனி நடப்பவை மட்டுமின்றி, முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அறிவித்து அந்தப் பழியைத் துடைத்தது.

இனி அண்மைக் காலத்திற்கு வருவோம். அதே தென்னாப்பிரிக்கா, 2015 ஜூன் முதல் நாளிலிருந்து ஒரு விதியை நடைமுறைப்படுத்திற்று. 18 வயதுக்கு உட்பட்ட எவரும் எல்லை கடக்கையில், தாய் தந்தை இருவர் பெயரும் உள்ள முழுமையான பிறப்புச் சான்றைக் காட்டவேண்டும். ஒருவர் மட்டும் அழைத்துச் சென்றால் மற்றவரின் உறுதிமொழியோடு கூடிய இசைவு வேண்டும். அல்லது நீதிமன்ற ஆணை. அவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று. குழந்தைக் கடத்தலைத் தடுப்பதே நோக்கம் என்றது அரசு. சுற்றுலாத் தொழிலினர் முறையிட்டனர். குடும்பங்கள் விமான நிலையங்களில் தடுக்கப்பட்டன. 2019இல் விதி தளர்த்தப்பட்டது.

இதையும் 1913ஐயும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அறிவுடைமையாகாது. அன்று கேட்கப்பட்ட கேள்வி, "உன் தந்தையின் நிறம் என்ன? உன் தாய் எந்த முறையில் மணந்தாள்?" என்பது. இன்று கேட்கப்படுவது, "இந்தக் குழந்தைக்குப் பொறுப்பானவர் யார்? அவர் அறியாமல் இது கொண்டுசெல்லப்படுகிறதா?" என்பது. முன்னது மனிதனை இழிவுபடுத்த எழுந்த கேள்வி. பின்னது குழந்தையைக் காக்க எழுந்த கேள்வி. தாள் கேட்கிறார்கள் என்பதற்காகவே சினப்பது சரியன்று. அந்தத் தாள் யாரைக் காக்கிறது என்று கேட்பதே பகுத்தறிவு.

காக்க வந்த விதியும் சிலரைக் காயப்படுத்தக்கூடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கணவன் கைவிட்டுப் போய் ஆண்டுகள் பல ஆயின. அவன் முகவரியே அறியாத தாய், இசைவுக் கடிதத்திற்கு எங்கே போவாள்? மணம் புரியாமல் பெற்று வளர்த்தவள் யார் பெயரை எழுதுவாள்? இந்தியாவின் கடவுச்சீட்டு விதிகள் 2016 டிசம்பரில் திருத்தப்பட்டபோது இதற்கு ஓரளவு விடை கிடைத்தது. தாய், தந்தை, சட்டப்படியான காப்பாளர் ஆகியோரில் ஒருவர் பெயர் போதும் என்றாயிற்று. மணமுறிவு பெற்றவரோ பிரிந்து வாழ்பவரோ துணைவர் பெயரை எழுதக் கட்டாயமில்லை என்றாயிற்று. திருமணச் சான்று கேட்பதும் நின்றது. பெற்றோரில் ஒருவரே குழந்தைக்கு விண்ணப்பித்தால், காரணம் கூறும் உறுதிமொழி ஒன்று போதும். தந்தை பெயரில்லாமல் பிள்ளை ஏது என்று கேட்ட சமுதாயத்தில், தாயின் பெயர் ஒன்றே போதும் என்று ஓர் அரசுத் தாள் சொல்வது சிறு செய்தியன்று. வள்ளியம்மை கண்ட வழியில் அதுவும் ஓர் அடி.

ஆகவே, இளைஞர்களே, இந்த வரலாற்றிலிருந்து நம் ஊருக்குச் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. ஊரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பெயரின்றிப் பதிவான சான்றில் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம் என்பதைத் தாய்மார்க்கு எடுத்துரையுங்கள். சாதகம் எழுத முந்துவோர், சான்று பெறப் பிந்துகிறார்கள்! கோள்கள் நின்ற கட்டங்களை எந்த நாட்டுத் துறைமுகமும் ஏற்பதில்லை. திருமணங்களைப் பதிவு செய்யவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2009இல் சட்டமே வந்திருக்கிறது. மேடையில் மாலை மாற்றிய கையோடு பதிவாளர் அலுவலகத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகளோடு வெளிநாடு செல்வோர், போகும் நாட்டின் விதி என்ன என்பதை அந்நாட்டுத் தூதரகத்தின் வாயிலாகவே அறியட்டும். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்னும் தரகனின் சொல்லை நம்பி, பெயரில் ஓர் எழுத்துப் பிழைக்காகப் பிஞ்சுக் குழந்தையோடு அயல்நாட்டு விமான நிலையத்தில் நிற்கும் அவலம் வேண்டா. மனைவியின் பெயரை அவள் பெயராகவே எழுதப் பழகுங்கள். பள்ளிப் பதிவேட்டில் தாயின் பெயருக்கும் இடங்கொடுங்கள்.

சீட்டில்லாமல் எல்லை கடந்து அந்தத் தாய்மார் சிறை புகுந்தது, சீட்டே கூடாது என்பதற்காக அன்று. மனிதரை மனிதராக மதிக்கும் சீட்டு வேண்டும் என்பதற்காக. அந்தச் சீட்டு இன்று நம் பிள்ளைகளின் கையில் பாதி எழுதப்பட்டிருக்கிறது. மீதியை எழுதவேண்டியவர்கள் நாம்.